கடைசிக் கூடை வரை பேசக் கூடாது

மழை விட்ட மறுநாள் வீசுகிற டிஸ்க் தட்டு கையில் வழுக்கும். அதனால் புதிதாக ஆட வருகிறவர்களிடம் இடுப்பில் ஒரு பழைய துண்டைச் செருகிக்கொண்டு வரச் சொல்வேன். ஒவ்வொரு வீச்சுக்கு முன்னாலும் விளிம்பைத் துடைக்க வேண்டும். ஈரம் போவதற்காக மட்டும் இல்லை, துடைக்கிற அந்த நேரத்தில் மனமும் கொஞ்சம் அடங்கும். நீங்கள் இன்று மறக்காமல் துண்டு கொண்டுவந்திருக்கிறீர்கள், முத்துலட்சுமி. நல்ல பழக்கம். ஆனால் இன்று ஆட வேண்டாம். இந்தச் சிமெண்டுத் திட்டில் உட்காருங்கள். வெயில் ஏறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

போன ஞாயிறு என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "அண்ணே, உங்களுக்குக் கோவமே வராதாமே, அவுக சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. அந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடுங்க. என் வாய்தான் அவுகளக் கொன்னுச்சு. பிள்ளையவும் இந்த வாயால ஏதாவது பண்ணிருவேனோன்னு பயமா இருக்கு."

உங்கள் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த கூடையை நோக்கி நடந்தேன். பேசாமல் இருப்பது எனக்கு எளிது. மயிலாப்பூர் மாடி வீட்டில் நான் மட்டும்தான். அலமாரி நிறையப் புத்தகம். சனிக்கிழமை முழுவதும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போயிருக்கும். ஞாயிறு காலையில் இங்கே வந்து பொன்ராஜைப் பார்த்து வாயைத் திறக்கும்போது குரல் கரகரக்கும், அப்போதுதான் அது எனக்கே தெரியும். வாரத்தில் நான் மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள் உங்கள் கணவன். அவனை நான் வெறுத்தேன் என்று இதைக் கேட்ட பிறகு நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை.

அவன் எப்படிப் போனான் என்பதை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். மகள் ஷண்முகப்ரியாவுக்குக் காது குத்துகிற அன்று காலை மனைவியோடு சண்டை போட்டுவிட்டு ஆட வந்தான். கோபத்தில் கவனம் சிதறிப் புதருக்குள் கையை விட்டான். கண்ணாடி விரியன் கடித்தது. பூரான் என்று நினைத்துக்கொண்டு காதுகுத்து நடந்த வடபழனி மண்டபத்துக்கு வந்தான். காது குத்தி முடிந்ததும் டாக்டரிடம் போகலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. நீங்களும் இதைத்தான் நம்புகிறீர்கள். இந்தக் கதையில் சில இடங்கள் தவறு. அவற்றைத் திருத்த வேண்டும்.

எங்களை இந்த ஆட்டத்துக்கு இழுத்துவந்தது குல்சும். அடையாற்றில் பிசியோதெரபி பார்க்கிறவர், உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டு நான் அவரிடம் போவேன். தி. நகர் கடையில் அண்டா, குண்டான் என்று தூக்கி முதுகு பிடித்துக்கொண்டு பொன்ராஜ் வருவான். மரங்களுக்கு நடுவில் நடந்தால் இரண்டும் சரியாகும் என்று சொல்லி இந்தத் தோட்டத்துக்கு வரச் சொன்னார். ஏதோ அறக்கட்டளையின் இடம், ஞாயிறு காலையில் மட்டும் உள்ளே விடுவார்கள். டிஸ்க்கை வீச வேண்டும், அது விழுந்த இடத்தில் நின்று மறுபடி வீச வேண்டும், குறைந்த வீச்சில் கூடைக்குள் போட வேண்டும். கோல்ஃப்தான், பந்துக்குப் பதில் தட்டு.

அப்போது கூடை ஏது? மரத்தில் சுண்ணாம்பால் ஒரு வளையம் வரைந்து அதில் மோதவைப்போம். கூடை செய்து கொடுத்தது பொன்ராஜ். அடி நசுங்கி விற்காமல் கிடந்த எவர்சில்வர் அண்டாக்களை வெட்டி இரும்புக் கம்பத்தில் மாட்டினான். மேலே ஊஞ்சல் சங்கிலிகளைச் சுற்றித் தொங்கவிட்டான். டிஸ்க் சங்கிலியில் அடித்து அண்டாவுக்குள் விழும்போது கல்யாண மண்டபத்தில் பாத்திரம் இறக்குவதுபோல ஒரு சத்தம் வரும். அவன் வீச்சுக்கு அந்தச் சத்தம் அடிக்கடி வந்தது.

கோபம் அவனுக்குத்தான் வரும். டிஸ்க் மரத்தில் மோதினால் மரத்தோடு சண்டைக்கு நிற்பான். "ஏ நாசமாப் போற வேம்பே, உனக்கும் எனக்கும் என்ன வரப்புத் தகராறா?" என்பான். காற்றைத் திட்டுவான், டிஸ்க் செய்தவனின் பரம்பரையைத் திட்டுவான், அப்புறம் தன் பேச்சைக் கேட்டுத் தானே சிரித்துவிடுவான். அடுத்த வீச்சு நேராகக் கூடைக்குப் போகும். அவனுடைய கோபம் வந்த வழியே போய்விடும், எதையும் உடைக்காது.

நான் திட்டுவதில்லை. வீச்சு தப்பினால் எதிரே இருக்கிற மரத்தில் ஒரே ஒரு இலையைத் தேர்ந்துகொள்வேன். அதன் நரம்பையும் பூச்சி அரித்த ஓட்டையையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். போன வீச்சு போனதுதான், இனி வருகிற வீச்சு மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். மூச்சு சீராகும். நீங்கள் கேட்ட வித்தை இவ்வளவுதான். எங்களோடு ஆடுகிற ஊரூர் குப்பத்து முருகையன் ஒருநாள் என்னை நேராகவே கேட்டான்: "இன்னா விஜி சார், உன் மூஞ்சப் பாத்தா ஜெயிச்சியா தோத்தியான்னே தெர்லயே. செலை மாரி நின்னுகினு கீற." என்னை எப்போதும் சாமி என்றே கூப்பிடும் பொன்ராஜ் அதற்கு, "சாமி ரிஷிடா. கோவத்தையெல்லாம் ஜடாமுடிக்குள்ள முடிஞ்சு வச்சிருக்காரு" என்றான். நான் சிரித்தேன்.

ஆனால் தோற்ற ஞாயிறுகளில் வீட்டுக்குப் போனால் என்னால் படிக்க முடியாது. பிரித்த பக்கம் பிரித்தபடியே மாலைவரை மடியில் இருக்கும். அதைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லா ஞாயிறும் தோற்ற ஞாயிறுதான். அவனை நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

தோற்பதைவிட அவன் ஆறுதல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தோளில் கை போட்டு, "விடும் சாமி, ஆத்துக்குப் போயி ரெண்டு கை தயிர்சாதம் உள்ள போனா எல்லாம் சரியாப் போயிரும்" என்பான். அன்பாகத்தான் சொல்வான். அதனால்தான் நான் ஒரு விதி கொண்டுவந்தேன். ஒருவருடைய வீச்சு தப்பிவிட்டால் அந்தக் கூடை முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆறுதல், யோசனை, கேலி எதுவும் வேண்டாம், சைகை போதும். கவனத்துக்கு நல்லது என்று குல்சும் ஏற்றுக்கொண்டார். பொன்ராஜ் அதற்குச் சாமி விரதம் என்று பெயர் வைத்தான். பேசாமல் இருக்கவே தெரியாத மனிதன், ஆனால் அந்த விதியை எங்கள் எல்லோரையும்விட ஒழுங்காகக் காப்பாற்றினான். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, கண்களால் மட்டும் மரத்தைத் திட்டியபடி நடந்துவருவான்.

இனி அந்த ஞாயிறு.

முதல் நாள் மழை பெய்திருந்தது. குல்சும் வரவில்லை. முருகையனுக்குக் கரையில் வலை வேலை, தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தான். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். பொன்ராஜ் பட்டு வேட்டியை வண்டியில் வைத்துவிட்டு அரைக்கால் சட்டையோடு இறங்கினான். வந்ததும் சண்டையைச் சொன்னான்.

"வீட்ல அம்மன் இன்னைக்கு உக்கிரமா இருக்கா சாமி. மக காதுகுத்த வச்சிக்கிட்டு தட்டு எறியப் போறீகளோ, போங்க, போற இடத்துலயே கெடங்கன்னுட்டா."

நீங்கள் சொன்ன அந்த வார்த்தைதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. அதன் பிறகு அவன் சொன்னதை நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. "கோவத்துல மூக்கு செவந்துபோயி நிக்கா. என்னமோ அவளுக்குத்தான் இன்னைக்குக் குத்தப் போற மாதிரி. அழகாத்தான் இருந்தா, சொன்னா இன்னும் ரெண்டு விழும்னு ஓடி வந்துட்டேன்." இப்படிச் சொல்லிச் சிரித்தான். அவன் கோபமாக இல்லை. அவன் கவனம் எங்கும் சிதறவில்லை. அன்று அவன் மனம் சரியில்லை, வீட்டுச் சண்டையையே நினைத்துக்கொண்டிருந்தான் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்களிடம் சொன்னது நான். அதற்கு முன்னால் அப்படி யாரும் சொல்லவில்லை. நான் சொன்னதும் நீங்கள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டீர்கள். யார் மீதாவது தப்பு இருக்க வேண்டிய நேரம் அது. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

இது முதல் திருத்தம்.

அன்று நான் நன்றாக ஆடினேன். ஏன் என்று தெரியாது, சில நாள் கை தானாகவே சொன்னதைக் கேட்கும். கடைசிக் கூடைக்கு வந்தபோது நான் ஒரு வீச்சு முன்னால் இருந்தேன். என்னைவிட அவனுக்குத்தான் சந்தோஷம். "சாமி இன்னைக்கு நம்மள அடிக்கப் போறாருடோய்" என்று யாரும் இல்லாத தோட்டத்தைப் பார்த்துக் கத்தினான். அமைதியாக இருக்கச் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கடைசிக் கூடை மதில் ஓரம் இருக்கிறது, இங்கிருந்தே தெரியும். முதலில் அவன் வீசினான். டிஸ்க் வேப்பங்கிளையில் பட்டு இடதுபக்கம், அந்த உண்ணிச்செடிப் புதர்ப் பக்கமாக இறங்கியது. வாயைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக்கொண்டான். விரதம் தொடங்கிவிட்டது. நான் வீசினேன். என்னுடையது கூடைக்குக் கிட்டத்தில் போய் விழுந்தது.

ஒருவருடைய டிஸ்க் கண்ணில் படவில்லை என்றால் எதிராளியும் சேர்ந்து தேட வேண்டும். அது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். அவன் மதில் பக்கமாகப் போனான். நான் பாதைப் பக்கமாகப் போனேன். என் கண்ணில்தான் பட்டது.

டிஸ்க் புதருக்குள் கிடந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். உள்ளே இல்லை. புதருக்கு வெளியே, புல்லில், கூடைக்கு நேர் எதிரே கிடந்தது. குறுக்கே ஒரு கிளைகூட இல்லை. அங்கிருந்து அவன் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். அவன் போட்டுவிட்டால் நானும் என்னுடையதைப் போட்டே ஆக வேண்டும். போட்டே ஆக வேண்டும் என்கிற நேரத்தில் என் கை நடுங்கும். அது அவனுக்கும் தெரியும்.

நான் அதைக் காலால் தள்ளினேன். வேகமாக இல்லை. பக்கத்தில் புதரை ஒட்டி ஒரு காய்ந்த தென்னை ஓலை கிடந்தது. டிஸ்க்கின் பாதி ஓலைக்கு அடியில் போகிற அளவுக்குத் தள்ளினேன். அங்கிருந்து கையை வீச இடம் இருக்காது. ஒரு ஆட்டக்காரனின் சின்னப் பித்தலாட்டம். இதுவரை மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். டிஸ்க்கைத் தள்ளினேன், அங்கே ஒரு பாம்பு இருந்தது என் கெட்ட காலம். அப்படிச் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், என்னைத் திட்டுவீர்கள், பிறகு ஒருநாள் மன்னித்தும் விடுவீர்கள். உங்கள் சுபாவம் அது.

டிஸ்க்கைத் தள்ளுவதற்கு முன்னாலேயே பாம்பை நான் பார்த்தேன்.

ஓலையின் கீற்றுகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தது. தடித்த உடம்பு, முதுகில் கோத்துவைத்ததுபோலப் பழுப்பு வட்டங்கள். சீறவில்லை. மழைக் குளிரில் அசையாமல் கிடந்தது. அது என்ன பாம்பு என்று எனக்குத் தெரியும். இந்தத் தோட்டத்தின் வாசலில் படம் போட்டு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், நான் எழுத்து எதைப் பார்த்தாலும் நின்று படிக்கிறவன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், இலையைப் பார்ப்பதுபோல. மூச்சு சீரானது. பிறகுதான் காலை வைத்தேன்.

பிறகு விரலைச் சொடுக்கி அவனைக் கூப்பிட்டேன். கையை நீட்டி ஓலையைக் காட்டினேன்.

பேசக் கூடாது என்பது விதி என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று அவன் வீச்சுதான் தப்பியிருந்தது, விரதம் அவனுக்காக, நான் அதை மீறக் கூடாது. என்னைப்போல நிறையப் படித்தவனுக்குக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தான். டிஸ்க் கிடக்கிற இடத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். குனிந்து கையை நீட்டினான். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

முத்துலட்சுமி, அவன் கத்தவில்லை. வலித்திருக்கும், விரியன் கடி நெருப்பை வைத்ததுபோல இருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவன் ஒரு கையை உதறிக்கொண்டு, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒற்றைக் காலில் குதித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரித்தான், பார்த்தீரா, விரதத்தைக் காப்பாற்றுகிறேன் என்பதுபோல. ஓலைக்கு அடியில் இருந்தது மதில் பக்கம் நகர்ந்து போய்விட்டது. அவன் அதைப் பார்க்கவில்லை.

டிஸ்க்கை எடுத்து, புதரில் முதுகு உரச ஒருபக்கமாக வளைந்து நின்று, அந்தக் கையாலேயே வீசினான். சங்கிலிகள் அடித்தன. அந்த இடத்திலிருந்து வேறு யாராலும் போட முடியாது.

நான் என் டிஸ்க்கிடம் போனேன். துண்டால் விளிம்பைத் துடைத்தேன். பூவரசு மரத்தில் ஓர் இலையைத் தேர்ந்துகொண்டேன். என் கை நடுங்கவில்லை. வீசினேன், விழுந்தது.

அப்போதுதான் விரதம் முடிந்தது. "ஜெயிச்சுட்டீரே சாமி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். முருகையன் அதற்குள் வந்துவிட்டிருந்தான், கூடைக்குப் பின்னால் நின்று விசில் அடித்தான். என் சட்டைத் தோளில் ரத்தம் பட்டிருப்பதை அவன்தான் முதலில் பார்த்தான்.

"இன்னாண்ணே கையில?"

"என்னமோ கடிச்சிருச்சுடா. பூரானாத்தான் இருக்கும்."

"பூரான் இப்டியா கடிக்கும்? வீங்கிக்கினு வருதுண்ணே. வா, வண்டில குந்து, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போடா, நேரத்துக்குப் போகலன்னா அங்க ஒருத்தி கொன்னே போட்டுருவா. காது குத்திட்டுப் பாத்துக்கிடலாம்."

முருகையன் என் பக்கம் திரும்பினான். "நீதான சார் கூட இருந்த. இன்னா அது, பாத்தியா?"

"பூரான்தான்" என்றேன்.

என் காரில்தான் அவனை வடபழனிக்குக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் என் வெற்றியைத்தான் பேசிக்கொண்டுவந்தான். என் வீச்சைக் கையால் நடித்துக் காட்டப் பார்த்தான், விரல்களை மடக்க முடியவில்லை. அசோக் நகர் சிக்னலில் வாந்தி வருவதுபோல இருக்கிறது என்றான். வெறும் வயிறு என்று அவனே காரணமும் சொன்னான்.

மண்டபத்தில் அவன் உறவுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் என்னை இழுத்துக்கொண்டு போனான். "நம்ம சாமி. இன்னைக்கு என்னைய ஜெயிச்சுட்டாரு." யாருக்கும் என்ன ஆட்டம் என்றே தெரியாது. எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். நீங்கள் அவன் கையைப் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு தடவினீர்கள். "டாக்டர்ட்ட போவோமாங்க?" என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள், உங்களுக்கு அது நினைவில்லை. அவன் சிரித்தான். அப்போது நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "என்னண்ணே, பூரான்தான?"

நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் நீங்கள், "சரி, அப்ப காது குத்தி முடிச்சுட்டுப் போவோம்" என்றீர்கள். அந்த வார்த்தை உங்களுடையது இல்லை. நான் கொடுத்ததைத்தான் நீங்கள் சொன்னீர்கள். இது இரண்டாவது திருத்தம், உங்களுக்கு இதுதான் முக்கியம்.

வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதில் ஓர் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போனது போனதுதான், இனி வருவது மட்டும்தான் இருக்கிறது. உங்கள் தம்பி மடியில் குழந்தை கதறினாள். ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டு மற்றக் காதுக்கு வந்தார். பொன்ராஜ் அவளுக்கு வேடிக்கை காட்ட வாயைத் திறந்து சிரித்தான். பல்லெல்லாம் ரத்தமாக இருந்தது. குழந்தை அதைப் பார்த்து இன்னும் கதறினாள். அவன் கைக்குட்டையால் வாயைத் துடைத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு நாற்காலியோடு சரிந்தான்.

ஆஸ்பத்திரியில், பாம்பை யாராவது பார்த்தீர்களா, எப்போது கடித்தது என்று கேட்டார்கள். நான் இல்லை என்றேன், தெரியாது என்றேன். அவர்களே ரத்தத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் நின்றுபோன பிறகு மெஷினில் வைத்தார்கள். அந்த நாட்களில் நான் வராந்தாவைவிட்டு நகரவில்லை. நீங்கள் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தீர்கள். இப்படி ஒரு நண்பன் யாருக்குக் கிடைப்பான் என்று உங்கள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவன் பிழைத்துவிட வேண்டும் என்று நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

இவ்வளவு நாள் சொல்லாதவன் இன்று ஏன் சொல்கிறான் என்று யோசிப்பீர்கள். போன ஞாயிறு நீங்கள் குழந்தையையும் கூட்டிவந்திருந்தீர்கள். அவள் வீசிய டிஸ்க் பக்கத்து மரத்தில் மோதிக் காலடியிலேயே விழுந்தது. காலைத் தரையில் உதைத்தாள். அவளுக்கு அப்பாவின் கோபம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள், உங்கள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள். நீங்கள் எதுவுமே சொல்லவில்லை. இப்போதெல்லாம் நீங்கள் எதுவுமே சொல்வதில்லை, குரலை உயர்த்துவதில்லை, வீட்டில் டிவி சத்தம்கூடக் கிடையாது என்று முருகையன் சொன்னான். உங்கள் தெருமுனைவரை கேட்கும் என்று பொன்ராஜ் பெருமையாகச் சொன்ன குரல் அது. நீங்கள் என்னைப்போல ஆகிக்கொண்டிருக்கிறீர்கள். குழந்தையும் ஆகிவிடுவாள். அது அமைதி என்று நினைக்கிறீர்கள். அது என்ன என்று எனக்குத் தெரியும்.

அதனால் வித்தை எதுவும் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. கோபம் வந்தால் மரத்தைத் திட்டுங்கள், குழந்தையைத் திட்டுங்கள், அவளையும் திருப்பித் திட்டவிடுங்கள். முதலில் என்னைத் திட்டுங்கள். சாஸ்திரி நகர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே போகிறேன், அங்கேயும் இதையே சொல்வேன். நீங்கள் வர வேண்டாம்.

இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. பூரான்தான் என்று முருகையனிடம் சொன்னது பயத்தில் என்று வைத்துக்கொள்ளலாம். மண்டபத்தில் எனக்குப் பயம் இல்லை. அவன் கை முழங்கைவரை வீங்கியிருந்தது. அது பூரான் இல்லை, விரியன், நான் பார்த்தேன் என்று அந்த நேரத்தில் சொல்லியிருந்தால்கூட அவன் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்ன நேரக் கணக்கு சொல்கிறது. சொல்லவும்தான் வாயைத் திறந்தேன். சொன்னால், எங்கே பார்த்தீர் என்று கேட்பான். ஓலைக்கு அடியில் என்றால், டிஸ்க் அங்கே எப்படிப் போயிற்று என்ற கேள்வி வரும். தள்ளியது தெரிந்துவிட்டால் அந்த ஆட்டம் செல்லாது. அவன் அப்போதுதான் யாரோ ஒரு பெரியவரிடம், "சாமி என்னைய ஜெயிச்சுட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதை எந்தப் பெயர் சொல்லி வேண்டுமானாலும் நீங்கள் அழைக்கலாம், நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நியாயமாக இருங்கள். என் கடைசி வீச்சில் எந்தப் பித்தலாட்டமும் கிடையாது. அது சுத்தமாக விழுந்தது, முருகையனைக் கேட்டுப்பாருங்கள்.